மூத்தவள் நற்செய்தி, இளையவள் தபால்காரி

என் உயிரான எவஞ்சலின் அக்கா,

நேற்று உன் மகன் ஜெரோம் வந்துவிட்டான். வங்காலைச் சந்தியில் பஸ்ஸால் இறங்கி அவன் நடந்து வர, கோயிலில் மத்தியான மணி அடித்தது. வாசற் படலையடியில் பையை வைத்துவிட்டு அவன் கேட்ட முதற் கேள்வி, "சித்தி, அம்மா எங்க, கோயிலுக்கோ?"

சண்டை நேரம் தலைமன்னாரில் வள்ளம் ஏறி இராமேஸ்வரம் போனவன். நாங்கள் இடம்பெயர்ந்து அலைந்ததோ, கூடாரத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனதோ அவனுக்குத் தெரியாது. ஒரு தகவலும் போய்ச்சேரவில்லை. "முதல்ல கை கால் கழுவிப்போட்டுச் சாப்பிடு ராசா" என்றேன்.

அப்பா எங்களுக்குப் பேர் வைத்த கதை நினைவிருக்கிறதா? கிரேக்கத்தில் 'ஆங்கெலோஸ்' என்றால் தூதுவராம். வானதூதரான சம்மனசுக்கு 'ஏஞ்சல்' என்ற பேர் வந்ததும் அதிலிருந்துதான், எனக்கு ஏஞ்சலா என்று வந்ததும் அதிலிருந்துதான். கிரேக்கத்திலேயே முன்னால் 'நல்ல' என்று சேர்த்தால் 'எவாங்கெலியோன்', நற்செய்தி, அது நீ. கபிரியேல் சம்மனசு மாதாவுக்குத் தூது சொன்னதை நினைத்து அடிக்கிற மத்தியான மணியும் லத்தீனில் 'ஆஞ்சலுஸ்' தானாம். பங்குச் சுவாமியிடம் கேட்டுவந்து அப்பா சொல்லிச் சிரிப்பார்: "மூத்தவள் நற்செய்தி, இளையவள் தபால்காரி." அப்படியேதான் நடந்தது. பிள்ளை பிறந்தால் சொல்ல நீ ஓடுவாய். செத்தவீடு சொல்ல என்னை அனுப்புவார்கள். எனக்கு இந்தப் பேரிலேயே கோபம், அக்கா.

சாப்பிடும்போதும் அவன் படலையையே பார்த்தான். உனக்கென்று வாங்கிவந்த பச்சைச் சேலை மடியில் கிடந்தது. பின்னேரம் வரை நான் குசினியிலேயே வேலை தேடிக்கொண்டிருந்தேன்.

பொழுதுபட்டதும் செபமாலைக்கு இருந்தோம். முடிவில் நம் வீட்டில் இறந்த ஒவ்வொருவரின் பேரையும் சொல்லி ஒரு பரலோக மந்திரம் சொல்வோமே. அப்பா. அம்மா. அடுத்தது நீ. செபமாலை மணியை உருட்டிக்கொண்டிருந்தேன். அவன் காத்திருந்தான், நானும் காத்திருந்தேன்.

"சித்தி, அம்மான்ர பேரையும் சொல்லுங்கோ" என்றான், குனிந்தபடியே.

"உனக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்ல. அம்மா இருந்திருந்தா நீங்கள் படலையிலேயே சொல்லியிருப்பியள்."

சொன்னேன் அக்கா. உன் பேரைச் சொன்னேன். பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

ஞாயிறு பூசை முடிய, நீ கிடக்கிற இடத்துக்கு அவனைக் கூட்டிக்கொண்டு வாறன். சேலையும் வரும். அவனுக்குக் கலியாணம் பேசி முற்றாகிற நாளில், ஊருக்குச் சொல்வதற்கு முன் உனக்கு வந்து சொல்வேன். ஒரு நல்ல செய்தியாவது நான் கொண்டுவர வேண்டாமா?

உன் தங்கை,
அப்பாவின் தபால்காரி,
ஏஞ்சலா