படிக்காமல் விட்ட ஏழாவது வரி

பெருமாள் துணை

வெள்ளகோவில் ரோடு
19.2.1997

நாக்பூரில் இருக்கும் சிரஞ்சீவி சென்னகேசவனுக்கு, உன் நைனா திருமலைசாமி ஆசீர்வாதம் சொல்லி, ரிட்டையரான தபால்காரர் வரதராஜுலு கையால் எழுத வைப்பது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் தம்பி கோபாலசாமியும் உயிரோடு இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன். ஐந்தரை வருஷம் பேசாதவர் இப்போது எதற்கு எழுதுகிறார் என்று நீ சந்தேகப்படுவாய். படு. தப்பில்லை.

மாவு மில் விஷயம்தான். கரண்ட் சார்ஜ் ஏறிவிட்டது. பெல்ட் விலையும் ஏறிவிட்டது, கல் கொத்துகிற கூலியும் ஏறிவிட்டது. அரவைக் கூலியை மட்டும் ஏற்ற முடியவில்லை. நாலணா கூடக் கேட்டால் சனம் பாக்கெட் மாவு வாங்கப் போய்விடுகிறது. போன வருஷ எலெக்சனில் ஜெயித்து வந்த பேரூராட்சிக்காரர்கள் இதற்கு ஒரு தீர்மானம் போட்டிருக்கிறார்கள். மோட்டார் வைத்துச் சின்னத் தொழில் செய்கிறவர்களுக்கு மூன்று வருஷம் லைசென்ஸ் கட்டணம் பாதி, அவர்கள் கட்டடத்தில் இருந்தால் வாடகையும் பாதி. நம் மில் அவர்கள் கட்டடத்தில்தானே இருக்கிறது. மார்ச்சு முப்பத்தொன்றுக்குள் படிவம் கொடுக்க வேண்டும். இது கிடைக்காவிட்டால் சித்திரையில் மில்லைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

அதற்காக உடனே கைநாட்டு வைத்துவிடுவேனா. அறுபத்தேழில் இதே பேரூராட்சியில் நம் வீதிக் கடைகளுக்கெல்லாம் இலவசமாகச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தார்கள். நாங்களும் மோர் கொடுத்து உபசரித்தோம். அடுத்த வருஷம் சுண்ணாம்பு நின்ற இடம்தான் கடையின் எல்லை, மீதியெல்லாம் ஆக்கிரமிப்பு என்று சொல்லி இடித்தார்கள். அப்போது நமக்கிருந்த கடையில் மட்டும் மூன்றேகால் அடி போனது. அன்றிலிருந்து கேட்காமல் கொடுக்கிறவனைக் கண்டால் நான் முதலில் அவன் இன்னொரு கையைத்தான் பார்ப்பேன்.

பேரூராட்சி எழுத்தர் படிவத்தைக் கொடுத்தபோது, 'மொத்தம் பதினோரு வரி இருக்குதுங்க, வீட்ல யாரையாச்சும் படிக்கச் சொல்லிக் கேட்டுப்போட்டுக் கைநாட்டு வெய்ங்க' என்றார். கோபாலசாமியைப் படிக்கச் சொன்னேன். பத்துதான் படித்தான். மறுநாள் காது மந்தமானவன் போல் இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். மறுபடியும் பத்து. ஆறாவது முடிந்ததும் இரண்டு நாளும் ஒரே மாதிரி இருமினான். எனக்கு எழுத்துத் தெரியாதுதான். ஆனால் அரைக்க வந்தவர்கள் பாத்திரமும் பக்கெட்டுமாக வரிசையில் நாற்பது போசி வைத்தாலும் எது யாருடையது, யாருக்கு நைசு, யாருக்கு ரவை என்று ஒரு சீட்டு இல்லாமல் சொல்லுகிறவன் நான். பதினோரு போசி வைத்த இடத்தில் பத்து திரும்பி வந்தால் தெரியாதா.

இவன் யாரோ கவுன்சிலரோடு சேர்ந்து மில்லைத் தன் பேருக்கு மாற்றப் பார்க்கிறான் என்றே முடிவு கட்டினேன். இரண்டு நாள் அவன் கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்கவில்லை. படிவத்தை மடித்து ராகி மூட்டைக்குள் செருகி, வரதராஜுலு வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் படித்தார். ஏழாவது வரி இதுதான். இந்த லைசென்சில் இணை உரிமதாரர் தி. சென்னகேசவன், அவர் கையெழுத்து இல்லாமல் சலுகை கிடையாது.

எண்பத்தெட்டில் டீசல் எஞ்சினை எடுத்துவிட்டு மோட்டார் போட்டபோது, கைநாட்டுக்காரர் ஒருத்தர் பேர் போதாது என்று அன்றைய எழுத்தர் உன் பேரையும் சேர்த்தது எனக்கு மறக்கவில்லை. மறந்ததாக வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து கோபாலசாமியைப் பிடித்துக் கேட்டேன். அவன் கோபப்படவில்லை. 'ஏனுங் நைனா, அந்தப் பேரைச் சொன்னா சோத்துல கை கழுவிப்போட்டு எந்திரிச்சுப் போறது நீங்கதானுங்க. நான் எந்த வாயிலீங்க படிக்கிறது' என்றான். உன் அம்மா அடுப்படியில் இருந்தபடியே, 'நல்லாக் கேளு கண்ணு' என்றாள். அவளிடம், பெரியவன் இருக்கும் இடம் யாருக்காவது தெரியுமா என்று பொதுவாகக் கேட்டேன். மிளகாய்ப்பொடி டப்பாவுக்கு அடியிலிருந்து உன் விலாசத்தை ஒரு நொடியில் எடுத்துக் கொடுத்தாள். ஐந்தரை வருஷமாக எனக்கு என்னங்க தெரியும் என்று சொன்னவள். நீ அவளுக்குப் போட்ட கடிதங்களை எல்லாம் கொண்டுவந்து கொடுத்த தபால்காரர் யாராக இருக்கும் என்று இதைச் சொல்லும்போதுதான் எனக்குத் தோன்றுகிறது. வரதராஜுலுவின் பேனா கொஞ்சம் நின்று இப்போது மறுபடி ஓடுகிறது.

படிவத்தை அனுப்பினால் நீ அங்கேயே கையெழுத்துப் போட்டு ஒரு வாரத்தில் திருப்பி அனுப்பலாம் என்கிறான் உன் தம்பி. எழுத்தரும் அது செல்லும் என்கிறார். வரதராஜுலு, 'ரிஜிஸ்டர் தபாலுங்ண்ணா, முப்பது வருஷம் அதுல இருந்தவன் சொல்றேன், எங்கியும் போவாது' என்கிறார். எனக்குத் தபாலில் நம்பிக்கை இல்லை. என் வீட்டுக்கு வந்த கடிதமே என் கண்ணில் படாமல் ஐந்தரை வருஷம் போயிருக்கிறது. அப்படிப்பட்ட தபாலை நம்பி நான் எதை அனுப்புவது. நீ நேரில் வந்துதான் போட வேண்டும்.

இன்னொரு விஷயம். ஐந்தரை வருஷத்துக்கு முன்னால் அன்று, நீ அரைத்துக் கொடுத்த ராகி மாவு குறைகிறது என்று வாத்தியார் வீட்டம்மா போசியைத் தூக்கிக் காட்டினாள். வரிசையில் இருபது பெண்கள் இருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் நான் உன்னை என்ன சொன்னேன் என்பது எனக்கு எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. அதை வரதராஜுலுவிடம் சொல்லி எழுத வைக்க வாய் வரவில்லை. நீ ஈரோட்டில் ரயிலேறி மூன்றாம் நாள், மாவு இறங்குகிற துணிக்குழாயை அவிழ்த்தேன். உள்ளே ஒரு மடிப்பில் முக்கால் படி ராகி மாவு தங்கியிருந்தது. அந்த அம்மா வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். உனக்குச் சொல்ல ஒரு கடிதம் வேண்டும், கடிதத்துக்கு ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளிடம் முதலில் நான் சொல்ல வேண்டும். அதில்தான் இவ்வளவு நாள் ஆகிவிட்டது.

இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் கோபாலசாமியைச் சத்தமாகப் படிக்கச் சொல்லப் போகிறேன். உன் அம்மாவும் கூட இருப்பாள். துணிக்குழாய் விஷயத்தை விடாமல் படிக்கிறானா என்று பார்க்க வேண்டும்.

ரயிலில் பையைத் தலைக்கு வைத்துப் படு. யார் எதைக் கொடுத்தாலும் வாங்கித் தின்னாதே. படிவத்தில் உன் பேருக்கு எதிரே இடம் காலியாக இருக்கிறது. முதலில் நீ போடு, அதற்குக் கீழே நான் வைக்கிறேன். படிவத்துக்கு இன்னும் வைக்காத பெருவிரலை இந்தக் கடிதத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன். நல்லபடியாக இரு சாமி.

உன் நைனா
திருமலைசாமி
(இடது பெருவிரல் ரேகை)