விளக்கில கட்டின கூடு

வெள்ளவத்தை, வெள்ளிக்கிழமை இரவு

ராசா, இண்டைக்கு ஆமிக்காரர் வீட்டைச் சோதிக்க வந்தவங்கள். ஹோல் லைட்டுக்கு மேல கொண்டைக்குருவி அடைகாத்துக்கொண்டிருந்தது. நீ இருக்கேக்க வருசத்துக்கு மூண்டு தரம் கட்டும். இந்த வருசம் இது ஒண்டுதான். குஞ்சு பறக்கும்வரைக்கும் நீ அந்த லைட்டைப் போட விடமாட்டாய்.

ஒருத்தன் கூட்டை அண்ணாந்து பார்த்தான். ஏதோ ஒளிச்சு வச்சிருக்கிறன் எண்டு நினைப்பானோ எண்ட பயம். அவன் கேட்க முன்னமே தும்புத்தடியால தட்டி விழுத்திப்போட்டன். முட்டை ரெண்டும் உடைஞ்சுபோச்சு.

“ஐயோ அம்மா, குருவி பாவம்தானே! எங்கட வீட்டிலயும் இருக்கு,” எண்டான், அரைகுறைத் தமிழில. வெட்கத்தில அவன்ர முகத்தைப் பார்க்கேலாமல் போச்சு.

பொழுதுபடும்வரைக்கும் தாய்க்குருவி ஜன்னல் கம்பியில நிண்டு கத்திச்சு. ஹோல் லைட்டை இன்னும் போடேல்லை. உன்ர படத்தடி விளக்கில எழுதுறன். இனியும் அது இங்க வந்து கட்டுமே, ராசா?