அறுபது இடது கைகள்

2 பிப்ரவரி

அன்புள்ள என் மகாராணிக்கு,

உன் மாஸ்டர் எழுதுவது. நான் நலம். நீயும் பாப்பாவும் நலமா?

காதில் கேட்ட குரல்கள் நின்று மூன்று மாதம் முடிந்துவிட்டது. ஒன்றுகூட இல்லை. "மாத்திரை நல்லா வேலை செய்யுது, விட்டுடாதீங்க" என்றார் டாக்டர். தையல் கம்பெனி முதலாளியும் திங்கட்கிழமையிலிருந்து பழையபடி கட்டிங் மேசைக்கு வரச் சொல்லிவிட்டார். பாப்பா எந்த வகுப்பு?

உன் அக்கா வீட்டுக்குக் கிளம்பிய அன்று நீ சொன்னாய்: "அந்தக் குரலெல்லாம் ஓயட்டும், மறுநாளே வந்துடறேன்." ஓய்ந்துவிட்டது. வருகிறாயா? பாப்பா எந்த வகுப்பு என்றும் எழுது.

உன் மாஸ்டர்

10 பிப்ரவரி

அன்புள்ள மாஸ்டருக்கு,

என் வயிற்றில் பால் வார்த்தீர்கள். கிளினிக்கில் மருந்து அறைக்குள் போய் நின்று அழுதேன். "வரவேற்புல உட்கார்ற பொண்ணுக்கே பல்வலியா?" என்று கேட்கிறார் எங்கள் பல் டாக்டர்.

ஒரு குறை. போன கடிதத்தில் நான் கேட்ட எதற்கும் பதில் இல்லை. ஆனால் பாப்பாவின் வகுப்பை மட்டும் இரண்டு தடவை கேட்டிருக்கிறீர்கள். மனசு எங்கே மேய்கிறது? மூன்றாம் வகுப்பு, சாமி!

அக்கா "அவசரப்படாதே" என்கிறாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாப்பாவோடு வந்து பார்க்கிறேன். அவள் பரீட்சை முடிந்ததும் மூட்டை முடிச்சோடு வந்துவிடுகிறோம்.

உங்கள் மகாராணி

3 மார்ச்

அன்புள்ள மகாராணிக்கு,

உன்னிடம் மறைத்து எனக்குப் பழக்கமில்லை. ஒரு தப்பு நடந்துவிட்டது.

பள்ளிச் சீருடை, முப்பது சட்டை. துணியை மடித்துப் போட்டு வெட்டினால் இடது கையும் வலது கையும் ஜோடியாக விழும். நான் மடிக்காமல் அடுக்கிவிட்டேன். அப்படி அடுக்கினால் பாதியில் வெட்டும் அளவுக்கான அட்டை அச்சையாவது திருப்பிப் போட வேண்டும், அதையும் மறந்தேன். அறுபது கையும் இடது கை. "ரெண்டு இடது கையோட பொறந்த பிள்ளைங்க எந்த ஸ்கூல்லய்யா படிக்குது?" என்றார் முதலாளி. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மறுவாரம் அதையே திரும்பச் செய்தேன். யாரும் சிரிக்கவில்லை.

டேப்பில் எண்ணைப் பார்க்கிறேன். துணிக்கு வருவதற்குள் போய்விடுகிறது. மாத்திரை மயக்கம் என்று நினைத்தேன். டாக்டர் வேறு சொல்கிறார்: "குரல் மாதிரி இதுவும் அந்த நோயோட ஒரு பகுதிதான். குரலுக்கு மருந்து இருக்கு. இதுக்குச் சரியான மருந்து இல்ல. பயிற்சி இருக்கு, ஓரளவு உதவலாம். பழைய மாதிரி ஆகும்னு என்னால சொல்ல முடியாது."

நீ வந்தால் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. கட்டாயம் வா.

உன் மாஸ்டர்

20 மார்ச்

அன்புள்ள மாஸ்டருக்கு,

பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தோம். ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நூல் வாங்கப் போகிறேன் என்று பாப்பாவைக் கூட்டிப் போனீர்கள். நூலோடு மட்டும் திரும்பி வந்தீர்கள். "பாப்பா எங்கே?" என்று நான் கேட்டபோது நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நான் செருப்புக்கூடப் போடாமல் நூல் கடைக்கு ஓடினேன். அவள் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் என்னிடம் சொல்கிறாள்: "அப்பாவைத் திட்டாதேம்மா. அவர் நூல் நம்பரைச் சொல்லிக்கிட்டே நடந்தார். அதை மறக்கக் கூடாதுல்ல."

உங்கள்மேல் கோபமில்லை. பயம். குரல்கள் போனால் பழைய ஆள் திரும்பிவிடுவார் என்று இரண்டு வருடம் நம்பி இருந்தேன். அப்படி யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டதுதான்.

ஆனாலும் வருகிறேன். பாப்பாவைத் தனியாக வெளியே கூட்டிப் போகமாட்டேன் என்று வாக்கு எழுதி அனுப்புங்கள். அது கைக்கு வந்ததும் பெட்டி கட்டுகிறேன்.

உங்கள் மகாராணி

2 ஏப்ரல்

அன்புள்ள மகாராணிக்கு,

இந்தக் கடிதத்துக்கு ஆறு நாள் ஆயிற்று. ஒரு வரி எழுதுகிறேன், மேலே எழுதியதைப் படிக்கிறேன், பிறகு அடுத்த வரி.

நீ கேட்ட வாக்கை எழுதி மேசைமேல் வைத்தேன். மறுநாள் காலையில் அதைப் பார்த்து, இது எதற்காக எழுதியது என்று வெகுநேரம் யோசித்தேன். அதனால் அனுப்பவில்லை. பொய் வாக்கை நம்பி நீ பாப்பாவைக் கூட்டி வரக் கூடாது.

முதலாளி நல்லவர், பட்டன் தைக்கக் கொடுத்திருக்கிறார். பயிற்சிக்கும் போகிறேன். நான்கு படம் காட்டி மறைக்கிறார்கள். இரண்டு சொல்கிறேன். போன மாதமும் இரண்டுதான்.

நீ வர வேண்டாம். உன் அக்கா சொல்வதைக் கேள்.

அந்தக் குரல்கள் என்ன சொல்லும் என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. "அவ உன்னை விட்டுப் போயிடுவா" என்றுதான் சொல்லும். போகமாட்டாள் என்று நாள் முழுக்கக் கத்திச் சண்டை போடுவேன். நீ பயந்து கிளம்பியது அந்தச் சண்டையைப் பார்த்துத்தான். இப்போது நானே உன்னைப் போகச் சொல்கிறேன். எதிர்த்துச் சண்டை போட யாரும் இல்லை.

பாப்பாவின் அப்பா