அம்மாவுக்கு எடுத்த இலவச டிக்கெட்

சிகாகோ,
10.1.1988

அன்புள்ள அம்மாவுக்கு,

கிளாரன்ஸ் எழுதுவது. குளிரைத் தவிர இங்கே குறை ஒன்றுமில்லை. செப்டம்பர் 24 எனக்கும் கேதரினுக்கும் கல்யாணம் என்று கோயிலில் தேதி கொடுத்துவிட்டார்கள். அப்பா இல்லாத குறைக்கு நீங்கள்தான் என்னைப் பீடம் வரை கூட்டிப்போக வேண்டும். கேதரினிடமும் சொல்லிவிட்டேன்.

உங்கள் டிக்கெட்டுக்கு ஒரு வழி இருக்கிறது. வேலைக்காக நான் வாராவாரம் பறக்கிறேன் அல்லவா? பறந்த மைல்களுக்கு விமானக் கம்பெனிகள் இலவச டிக்கெட் தருகின்றன. ஒரு கம்பெனியில் மைல் சீக்கிரம் சேரும், ஆனால் அமெரிக்காவுக்குள்தான் போகலாம். இன்னொன்றில் மெதுவாகச் சேரும், பினாங்கு வரை வரலாம். அவர்களுடைய கிரெடிட் கார்டை எடுத்தால் கடையில் சட்டை வாங்கினாலும் மைல் ஏறுமாம். எதில் சேர்வது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மகன்,
கிளாரன்ஸ்

பீடோங், மலேசியா,
2.2.1988

அன்பு மகனுக்கு அம்மாவின் ஆசீர்.

சட்டை வாங்கினால் பிளேனா? நல்ல கூத்துடா! சின்னதில் நீ பால் டின் லேபிள் சேர்த்தாயே, அந்தக் கண்ணாடிக் கப் வருவதற்குள் வீட்டில் எல்லாருக்கும் பாலே வெறுத்துப்போச்சு. கேட்கிறாய், சொல்கிறேன்: பினாங்குக்கு வருவதை எடு. அமெரிக்காவுக்குள் சுற்றுகிற டிக்கெட் எனக்கு எதற்கு?

ஆனால் காசு கொடுத்தே வாங்கிவிடலாம்டா. அப்பா வைத்துவிட்டுப் போனது இருக்கிறது, நானே எடுத்துக்கொள்கிறேன். பாஸ்போர்ட்டுக்கு மளிகைக்கடை மணியம் அண்ணன் அலோர்ஸ்டார் கூட்டிப்போகிறேன் என்றார்.

அம்மா,
பேட்ரிசியா

சிகாகோ,
14.8.1988

அன்புள்ள அம்மா,

காசு வேண்டாம் என்றேனே, பார்த்தீர்களா? நீங்கள் சொன்னதையே எடுத்தேன். சோப்பு, பெட்ரோல், கேதரினின் மோதிரம் எல்லாம் அந்தக் கார்டில்தான். டிக்கெட் இதோடு வருகிறது, செப்டம்பர் இருபதாம் தேதிக்கு. இதை வேறு பெயருக்கு மாற்ற முடியாது என்றாள் கவுண்டர் பெண். என் அம்மாவைத் தவிர யார் ஏறப் போகிறார்கள் என்று சிரித்துவிட்டு வந்தேன்.

கிளாரன்ஸ்

பீடோங்,
22.9.1988

அன்பு மகனுக்கு,

மணியம் அண்ணன் டெலிபோனில் சொல்லியிருப்பார். கோயில் ஆட்கள் வேனும் மோட்டார் சைக்கிளுமாய் பினாங்கு ஏர்போர்ட் வரை வந்தார்கள். மாலை வேறு போட்டுவிட்டார்கள். கவுண்டரில் அந்தப் பிள்ளை, "அம்மா, பாஸ்போர்ட்ல கருப்பாயின்னு இருக்கு. டிக்கெட் பேட்ரிசியாவுக்கு. ஏத்த முடியாதுலா" என்றது.

"ஊரே இவங்கள பேட்ரிசியான்னுதான் கூப்பிடுது! போன் போட்டுக் கேளுங்கலா!" என்று மணியம் அண்ணன் சத்தம் போட்டார். காசுக்கு வேறு டிக்கெட் கேட்டோம், இந்த வாரம் இடமே இல்லையாம். மாலையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

டிக்கெட் வந்தபோதே பார்த்தேனடா. எல்லாரும் கூப்பிடுகிற பெயர்தானே என்று விட்டுவிட்டேன். நாளை மறுநாள் நல்லபடியாக நடக்கட்டும். என்னை நினைத்து அழாதே.

அம்மா

சிகாகோ,
9.10.1988

அம்மா,

பீடத்துக்குத் தனியாகத்தான் நடந்தேன். கேதரினின் அம்மா கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். எந்தக் கம்பெனி, எந்தக் கார்டு என்று மாதக்கணக்கில் விசாரித்தவன், உங்கள் பெயரை உங்களிடம் கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. மைல் இன்னும் சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அடுத்த வருடம் வாருங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப் பெயரை எழுதி அனுப்புங்கள்.

கிளாரன்ஸ்

பீடோங்,
3.11.1988

அன்பு மகன் கிளாரன்ஸுக்கும் மருமகள் கேதரினுக்கும்,

நேற்று கல்லறைத் திருநாள். உன் அப்பா மரியராஜுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, சுங்கை லாலாங் தோட்டத்துக்குப் போய் என் அப்பா ராமையாவின் குழியையும் தேடிப் பார்த்தேன். அங்கே எண்ணெய்க்குச் செம்பனை நட்டுவிட்டார்கள்.

அவர் வைத்த பெயர் கருப்பாயி. கல்யாணத்துக்கு முன்னால் கோயில் சாமியார் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றிப் பேட்ரிசியா ஆக்கினார், அடையாளக் கார்டில் மட்டும் பழையதே நின்றது. உன் பிறப்புச் சான்றில்கூடத் தோட்டத்து ஆபீஸ் கிராணி பேட்ரிசியா என்றே எழுதிவிட்டார். உனக்கு எப்படித் தெரியும்? என் அப்பா போனபிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. அன்று கவுண்டர் பிள்ளை "கருப்பாயி!" என்று கூப்பிட்டபோது, யாரையோ கூப்பிடுகிறது என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

பெயர் கேட்டாய், எழுதிவிட்டேன். ஆனால் டிக்கெட் எடுக்காதே. உன் கையைப் பிடித்து நடக்கத்தான் இந்த வயதில் பிளேன் ஏறத் துணிந்தேன். அது முடிந்துபோன காரியம். மைலை நீங்கள் இரண்டு பேரும் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குக் கட்டியிருந்த சேலையை மருமகளுக்குப் பார்சல் போட்டிருக்கிறேன்.

உன் அம்மா,
கருப்பாயி