பன்னிரண்டு சாட்சிகள்

பிரிண்டரிலிருந்து இப்போதுதான் வந்த தாள்கள் கையில் சூடாக இருக்கின்றன. என் மாணவர்களின் கட்டுரைகள். இந்தச் சூடும் மை வாசனையும் சேர்ந்தால் அமெரிக்காவில், பிஸ்கட்டவேயில் நாம் படித்த பல்கலைக்கழக நூலகத்தின் இரண்டாம் மாடி நினைவுக்கு வருகிறது. நீ இறந்து எட்டு மாதமாகிறது.

முதல் நாளே என்னை "நீர்" என்று கூப்பிட்டாய். ராஜா நாடகமா என்று கேலி செய்தேன். வவுனியாவில் மரியாதை தெரிந்தவர்கள் இப்படித்தான் கதைப்பார்கள் என்று சொல்லிவிட்டு, என் கட்டுரையை இழுத்து வாசிக்க ஆரம்பித்தாய்.

நொய்யல் ஆற்றைப் பற்றிய கட்டுரை அது. அப்பா இருபது வருடம் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். முதலாளிகள் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அதில் இருந்தது. கரையோரத்தில் ஒரு கிணறுகூடக் குடிக்க லாயக்கில்லை என்ற வரியைப் பன்னிரண்டு இணையதளங்களில் பார்த்து, அப்படியே எடுத்து ஒட்டியிருந்தேன். எங்கள் பள்ளியில் புத்தகத்தில் இருப்பதை வரி மாறாமல் எழுதினால்தான் முழு மதிப்பெண். சொந்தமாக எழுதினால் சிவப்பு மை. திருடுகிறோம் என்றே தோன்றாதபடி எங்களை வளர்த்திருந்தார்கள்.

நீ ஆற்றின் பெயரில் விரலை வைத்தாய். "நீர் கதைக்கேக்க வேற மாதிரியெல்லோ சொல்லுறனீர்?"

ஆங்கிலத்தில் ஓர் எழுத்து தப்பாக இருந்தது. பன்னிரண்டு தளங்களிலும் அதே தப்பு. கரையில் வளர்ந்த என் கண்ணில் படவில்லை; அந்த ஆற்றைப் பார்த்தே இராத உன் கண்ணில் பட்டது. "இது பன்னிரண்டு சாட்சி இல்லையப்பா. ஒராள் எழுதினதை மற்றப் பதினொரு பேரும் பார்த்து எழுதியிருக்கினம்." அந்த ஒராளையும் அன்று மாலைக்குள் பிடித்துவிட்டாய்: தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்கும் ஒரு விளம்பரப் பக்கம்.

ஆனாலும் நான் விடவில்லை. பொய்யானாலும் ஏழைகளுக்குச் சாதகமான பொய்தானே என்றேன். இந்த ஒரு வரியைக் காட்டியே மீதி உண்மையை எல்லாம் முதலாளிகள் குப்பையில் போடுவார்கள் என்றாய். பிறகு மூன்று நாள், உன் பரீட்சைக்குப் படிக்காமல், மங்கலாக ஸ்கேன் செய்த அரசுப் பரிசோதனை அறிக்கைகளை என்னோடு உட்கார்ந்து வாசித்தாய். கெட்டுப்போன கிணறுகள் நான் நினைத்ததைவிடக் குறைவு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் சர்வே எண் இருந்தது. திருத்திய கட்டுரையை நான் வாசித்த கருத்தரங்கில் ஒருவராலும் அதை அசைக்க முடியவில்லை.

அங்கே பன்னிரண்டு தளங்களின் கதையையும் சொன்னேன். அந்த எழுத்துப்பிழையை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று பேராசிரியர் என்னைக் கேட்டார். ஊர்க்காரன், கண்ணில் பட்டது என்றேன். கைதட்டினார்கள். நீ கடைசி வரிசையில் இருந்தாய். வெளியே வந்ததும் பசிக்கிறது என்றாய், அவ்வளவுதான். பன்னிரண்டு தளங்களைத் திட்டிய வாயால் உன்னிடமிருந்து நானும் திருடியிருந்தேன். நீ அதை ஒருநாளும் எடுத்துப் பேசவில்லை. அந்தப் பெருந்தன்மையின் அளவு எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இப்போது பருவம் தொடங்கியதும் முதலாண்டு மாணவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்கிறேன். அதற்கு முன் பலகையில் உன் பெயரை முழுதாக எழுதுகிறேன். நீ கேட்டிருக்கக்கூடிய காலத்தில் நான் ஒருமுறைகூடச் சொல்லாத பெயர்.