சட்டைப் பாட்டு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். நீயும் உன் பிள்ளை, என் மருமகனும் எப்படி இருக்கிறீர்கள்? போன கடிதத்துக்குப் பதிலே இல்லை. வேலையா, கோபமா?

போர் வேண்டாமென்று இங்கே தினமும் ஊர்வலம். எல்லா ஊர்வலத்திலும் ஒரே பாட்டு:

அளவெடுக்காமச் சட்டை தச்சேன் – அது
யாரு மேல ஏறுமோ தெரியலையே
பொத்தான் எல்லாம் நான்தான் வச்சேன் – அதப்
பூட்டுற கையத் தெரியலையே

நான் வேலை பார்க்கும் வானொலியில் இந்தப் பாட்டின் வரலாற்றை ஒரு நிகழ்ச்சியாகச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ‘பழைய பாட்டுதானே, போடு’ என்றார் இயக்குநர். ஆனால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். துறைமுகத்தில் பிறந்தது என்கிறார் ஒருவர், சிறையில் என்கிறார் இன்னொருவர். எனக்கோ, நீ பட்டாளத்துக்குச் சட்டை தைக்கும் ஆலையிலிருந்து வந்து பாத்திரம் தேய்க்கும்போது இதை முணுமுணுத்ததாக ஞாபகம். சரியா?

உன் தம்பி

மார்ச் 15

அன்புத் தம்பிக்கு,

கோபம்தான். பாட்டு வேண்டுமென்றால் மட்டும் அக்கா ஞாபகம் வருகிறதே.

இதைத் தபாலில் போடவில்லை. லாரி ஓட்டும் சித்தப்பா கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போடு.

உன் ஞாபகம் சரிதான். போன போரின்போது எங்கள் பொத்தான் பிரிவில் நெட்டை என்று ஒருத்தி இருந்தாள். அவள் தம்பி பட்டாளத்துக்குப் போய்த் தகவலே இல்லை. ஒருநாள் மிஷினை மிதித்துக்கொண்டே இந்தப் பாட்டை எடுத்துவிட்டாள். பக்கத்து வரிசை பிடித்துக்கொண்டது. மேற்பார்வையாளர், “இங்க என்ன கச்சேரியா நடக்குது?” என்று பாய்ந்தார். அதற்கப்புறம் வாயைத் திறக்காமல் முனகினோம். நெட்டை போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளைப் பற்றித் தாராளமாகச் சொல்.

இப்போது இரண்டாவது அடி ஒன்று பரவுகிறதே, அதை மட்டும் தொடாதே.

போன சட்டை திரும்பி வந்திருக்கு
பொத்தான் ஒண்ணும் கழலலையே
போட்டுப் போன புள்ள மட்டும்
போன வழியே திரும்பலையே

சட்டைகள் உண்மையிலேயே திரும்பி வருகின்றன, தம்பி. வெளுத்து, மூட்டை மூட்டையாக. ஓட்டையை அடைத்து இஸ்திரி போட்டுப் புதுசு போல அனுப்புகிறோம். செய்தியில் நீங்கள் வாசிக்கிற சாவுக் கணக்கு வேறு, எங்கள் மூட்டை சொல்கிற கணக்கு வேறு. “வெளிய மூச்சு விட்டா வீடு போய்ச் சேர மாட்டீங்க” என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்த அடியைக் கட்டியது நான்தான். சாப்பாட்டு வேளையில் மனசு தாங்காமல் பாடினேன். அது சுவரேறித் தெருவுக்குப் போய்விட்டது.

உன் மருமகனுக்குப் பட்டாளத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது.

அக்கா

மார்ச் 28

அக்கா,

அடுப்பில் போட்டுவிட்டேன்.

நெட்டையின் கதையை மட்டும் ஒலிபரப்பினோம். மறுநாள் இயக்குநர் அறையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அவர்களே டீ ஊற்றிக் கொடுத்தார்கள். “பழைய அடியில எங்களுக்கு ஒண்ணும் இல்ல. புதுசு யாரு கட்டினது?” தெரியாது என்றேன். எழுந்திருக்கும்போது ஒருவர், “உங்களுக்கு ஒரு அக்கா இருக்காங்கல்ல? நல்லா இருக்காங்களா?” என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

அன்று மாலை என் அலமாரியில் ஒலிநாடா ஒன்றுகூட இல்லை. எதிர்க்கடை வாசலில் ஒருவன் நாளெல்லாம் ஒரே பேப்பரைப் படிக்கிறான்.

காயம்பட்டவர்கள் வீட்டுக்குச் சொல்லும் வாழ்த்துச் செய்தியைப் பதிவு செய்ய ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பின்கட்டில் செத்தவர்களின் சட்டைகளை உருவி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். நீ சொன்னதைக் கண்ணால் பார்த்தேன்.

வாயைக் கட்டிக்கொண்டு இரு அக்கா. முனகவும் வேண்டாம்.

தம்பி

ஏப்ரல் 9

தம்பி,

ஆலைக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். துணிக் கிடங்கில் நாற்காலி போட்டு ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டு, “பாடும்மா, பயப்படாத” என்கிறார்கள். இரண்டாவது அடியைத் தடுமாறாமல் பாடுகிறவள் திரும்பி வருவதில்லை. நான் வேண்டுமென்றே தப்பாகப் பாடினேன். என் பக்கத்து மிஷினில் பொத்தான் துளை தைக்கும் காஜாக்காரிக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. அவளுடைய கைக்குழந்தை அவள் மாமியார் தோளில் கிடந்து அழுகிறது. இரண்டு வீடு தள்ளி எனக்குக் கேட்கிறது.

நேற்று உன் மருமகனுக்குப் பட்டாள உடுப்பு கொடுத்தார்கள். கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்தான். பைக்குக் கீழே ஒட்டு இருந்தது. தடவிப் பார்த்து, “அம்மா, இது உன் தையலா?” என்றான். தலையாட்டினேன். “அப்ப எனக்கு ஒண்ணும் ஆகாது” என்று சிரித்தான் பிள்ளை.

இனி என்னால் முடியாது. திங்கட்கிழமை போய், நான்தான் கட்டினேன் என்று சொல்லிவிடப் போகிறேன். அவனுக்கு இனி நீதான்.

அக்கா

ஏப்ரல் 12

அக்கா,

திங்கட்கிழமை நீ போகக் கூடாது.

இன்று மதியச் செய்திக்கு முன் மைக் என் பொறுப்பு. இந்தக் கடிதத்தைச் சித்தப்பா கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய் உட்காரப் போகிறேன். இரண்டாவது அடியைக் கட்டியது நான், ஆஸ்பத்திரியில் பார்த்ததை வைத்துக் கட்டினேன் என்று ஊரறியச் சொல்லப் போகிறேன். ஊரே கேட்டபின் காஜாக்காரியை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்ய? நீயும் போய் நின்றால் இரண்டையும் நம்ப மாட்டார்கள். யாரும் வெளியே வர மாட்டார்கள்.

இந்தப் பாட்டின் உண்மைக் கதை தெரிந்தவன் நான். அதில் பொய் கலக்கிறவனும் நானாக இருப்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

யாராவது விசாரித்தால் என்னைத் திட்டு. “சின்ன வயசுலேர்ந்தே அவன் வாயாடி, யாரு பேச்சையும் கேக்க மாட்டான்” என்று சொல். அழாமல் சொல்.

உன் தம்பி

ஜூன் 20

அன்புத் தம்பிக்கு,

உன்னைத் திட்டினேன். நீ சொன்ன மாதிரியே, அழாமல்.

காஜாக்காரி வந்துவிட்டாள். மற்றவர்களும் வந்துவிட்டார்கள். அவள் முன்போல் பேசுவதில்லை, ஆனால் குழந்தையை இறக்கி வைப்பதே இல்லை.

உன் மருமகன் போர்முனைக்குப் போய்விட்டான். இன்னும் ஒரு வரி வரவில்லை. மூட்டை வரும்போதெல்லாம் முதல் ஆளாக நானே அவிழ்க்கிறேன்.

இன்று உன் வானொலி நிலையத்துக்கு வந்தேன். வாசலில் இருந்தவர் பெரிய பெயர்ப் பதிவுப் புத்தகத்தைப் புரட்டாமலேயே, “அப்படி யாரும் இங்க வேலை பாக்கலையேம்மா” என்றார். எதிரே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று தெரியவில்லை.

ஆலையில் பெண்கள் என்னிடம் வந்து, “இது உங்க தம்பி கட்டின பாட்டு, அக்கா” என்று கண் கலங்குகிறார்கள். ஆமாம் என்கிறேன்.

இப்போது இந்தப் பக்கமாக ஒரு ஊர்வலம் போனது. மூன்றாவது அடி ஒன்று சேர்ந்திருக்கிறது, கேள்:

ஊருக்குச் சொன்னவன் எங்க போனான் – அவன்
உக்காந்த நாற்காலி பேசலையே

இது நான் கட்டியதில்லை. நீயும் இல்லை. பாடிக்கொண்டு போன ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நின்று மூச்சு வாங்கினாள். யார் கட்டியது என்று அவளிடம் நான் கேட்கவில்லை.

உன் அக்கா