ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்ட கை

அன்பு மகள் ஜாஸ்லினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நாங்கள் மூன்று பேரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், நடமாடுகிறோம். நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். அதற்கு மேல் நலம் விசாரிக்க இன்று எனக்கு மனம் வரவில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், பேச்சில் உன்னை ஜெயிக்க இந்த வீட்டில் ஆள் கிடையாது, நான் எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தபிறகு, எதற்கு ஆமாம் சொன்னேன் என்று சமையலறையில் நின்று யோசித்துக்கொண்டிருப்பேன். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. கடைசிவரை படி.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அது விட்டுப்போகும். அப்பாவுக்கு முழங்கால் பரவாயில்லை, ஆனால் கடலை ஆலையில் நாள் முழுக்க நிற்பதால் சாயங்காலம் வீங்கிவிடுகிறது, ஐஸ் வை என்றால் வைப்பதில்லை. பிக்கப் வண்டி நடுவழியில் நின்று மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டது, அதனால் அவர் என்னுடைய காரில்தான் வேலைக்குப் போகிறார், நான் ஓட்டுகிற பள்ளி பஸ் நிற்கிற இடம்வரை நடந்து போகிறேன், நடப்பது எனக்கு நல்லதுதான். உன் சித்தி மகள் டார்லாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, பையன் தீயணைப்பில் வேலை பார்க்கிறான், கொஞ்சம் குள்ளம், ஆனால் மரியாதை தெரிந்தவன். உன் பல் வலி என்ன ஆயிற்று, டாக்டரிடம் போனாயா இல்லையா? தள்ளிப்போடாதே, நம் குடும்பத்தில் எல்லோருக்கும் பல் சீக்கிரம் போகும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வருஷா வருஷம் கால்பந்து டிராஃப்டில் சுற்றுச் சுற்றாக எந்த அணி எந்தக் கல்லூரிப் பையனை எடுக்கும் என்று முன்கூட்டியே கணித்து டிவியில் சொல்வதுதான் என் மகளுடைய வேலை என்று சொன்னால் இந்த ஊரில் பாதிப்பேர் அதற்குக்கூடச் சம்பளம் தருகிறார்களா என்று கேட்பார்கள். நான் அவர்களிடம் சண்டைக்குப் போயிருக்கிறேன். எங்கள் ஜாஸ்லின் குருட்டாம்போக்கில் சொல்பவள் இல்லை, ஒவ்வொரு பையனுடைய ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்க்கிறாள், ஒவ்வொரு அணிக்கும் எந்த இடத்தில் ஓட்டை என்று அவளுக்குத் தெரியும் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். போன மார்ச் மாதம் நீ டிவியில் உட்கார்ந்து, ஆர்லிஸ் பர்னெல் என் தம்பி, அதனால் அவன் பெயரை என் கணிப்பில் எந்த இடத்திலும் வைக்கமாட்டேன் என்று சொன்னாய் அல்லவா, அந்த ஞாயிறு பாஸ்டர் அதைப் பிரசங்கத்திலேயே எடுத்துச் சொன்னார். உன் தம்பி அதைக் கேட்டுக்கொண்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். என் அக்கா எவ்வளவு நேர்மையானவள் பார் என்கிற மாதிரி என் தோளை இடித்தான்.

மற்ற கணிப்புக்காரர்கள் எல்லோரும் அவனை முதல் சுற்றில்தான் போட்டிருந்தார்கள். முதல் சுற்று இல்லாவிட்டாலும் இரண்டாவது சுற்றைத் தாண்டமாட்டான் என்றுதான் பேச்சு. முதல் சுற்று நடக்கிற வியாழக்கிழமை எல்லோரும் சேர்ந்து டிவியில் பார்க்கச் சபை மண்டபத்தை எடுத்திருந்தோம். கெளுத்தி மீன் பொரிப்பது, கீரை, மக்ரோனி, இனிப்புத் தேநீர் எல்லாம் யார் யார் கொண்டுவருவது என்று பாடகர் குழுப் பெண்கள் ஈஸ்டருக்கு முன்பே பிரித்துக்கொண்டுவிட்டார்கள். அப்பா அவனுக்குச் சாம்பல் நிறத்தில் சூட் தைக்கக் கொடுத்தார், இந்த ஊரில் எந்தக் கடையிலும் அவன் தோளுக்குச் சட்டை கிடைக்காது என்பது உனக்குத் தெரியும்.

ஈஸ்டரன்று நடந்ததையும் இங்கே எழுதிவிடுகிறேன், நீ மறந்திருக்கமாட்டாய், ஆனாலும் எழுதுகிறேன். சாப்பாடு முடிந்து நானும் நீயும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். தம்பி ஏன் கறித் தட்டை இடது கையால் நீட்டினான் என்று நீ கேட்டாய். உன் கண்ணுக்கு எதுவும் தப்பாது. ஈரக்கையைக்கூடத் துடைக்காமல் நான் சொன்னேன், பலமாக யாரையாவது இடித்தால் அவனுக்குக் கழுத்தில் மின்சாரம் மாதிரி ஓடி, வலது கை கொஞ்ச நேரம் ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொள்கிறது என்று. குளிர்காலத்தில் அணிகளின் டாக்டர்கள் பார்த்தபோது ஒன்றும் இல்லை, அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது, பள்ளிக்கூடத்து கோச் ஹோல்கம் அவனைத் தன் காரிலேயே கூட்டிக்கொண்டு போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டினார், நரம்பு நசுங்குகிறது, கோடையில் மறுபடி பார்ப்போம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், எந்த அணி எடுக்கிறதோ அவர்களிடம் தானே சொல்லிவிடுவதாக இருக்கிறான் என்றும் சொன்னேன். இது இந்தச் சமையலறையை விட்டு வெளியே போகக்கூடாது, உன்னிடம் சொன்னேன் என்று தெரிந்தால் அவனுக்கு வருத்தமாக இருக்கும் என்றேன். நீ தட்டைத் துடைத்துக்கொண்டே சிரித்தாய். "நான் யார்கிட்டம்மா சொல்லப்போறேன்" என்றாய்.

டிராஃப்டுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை காலை நிகழ்ச்சியில், உன் சேனலில், உன் பக்கத்து நாற்காலியில் உட்காருகிற கெஸ்லர்தான் சொன்னான். ஆர்லிஸ் பர்னெல்லுக்குக் கழுத்து நரம்பில் கோளாறு, வீரருக்கு நெருக்கமான ஒருவரே சொன்னார் என்றான். நான் பஸ்ஸில் இருந்தேன், அப்பாதான் பார்த்திருக்கிறார். அன்று மதியத்திலிருந்தே அணிகளிடமிருந்து போன் வர ஆரம்பித்தது. எந்த டாக்டர், என்ன படம் எடுத்தார்கள், ஏன் மறைத்தாய் என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டார்கள். பிள்ளை ஒவ்வொருவருக்கும் சார், சார் என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தான். குரல் மட்டும் நேரம் ஆக ஆகச் சின்னதாகிக்கொண்டே வந்தது.

வீட்டுக்கு வெளியே இது தெரிந்தவர் கோச் ஹோல்கம் ஒருவர்தான் என்று அப்பாவும் அவனும் முடிவு கட்டிவிட்டார்கள். எனக்கும் வேறு யோசனை ஓடவில்லை. நீ என் நினைவுக்கே வரவில்லை ஜாஸ்லின், நீ எங்கள் கணக்கில் வெளி ஆள் இல்லை. மறுநாள் புதன்கிழமை கோச் மண்டபத்துக்குப் போடப் பள்ளிக்கூடத்து நாற்காலிகளைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அப்பா அவரை வாசலைத் தாண்டவிடவில்லை. "நாற்காலியெல்லாம் எங்க சபையிலேயே இருக்கு, நீங்க கிளம்புங்க" என்றார். கோச்சுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு, "வென்டல், அவன் எனக்கும் பிள்ளைய்யா" என்றார். அப்பா உள்ளே வந்துவிட்டார். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், வெளியே போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எட்டு வயதிலிருந்து நம் பிள்ளைக்கு ஓடக் கற்றுக்கொடுத்த மனிதர் நாற்காலிகளோடு திரும்பிப் போனார். அன்று சாயங்காலம் நீ தம்பிக்குப் போன் செய்து ஆறுதல் சொன்னாய். கோச்தான் காட்டிக்கொடுத்தார் என்று அவன் உன்னிடம் சொல்வது எனக்குக் காதில் விழுந்தது. நீ அந்தப் பக்கம் என்ன சொன்னாய் என்று பிறகு கேட்டேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை, மனதைத் தளரவிடாதே என்றாள், அவ்வளவுதான் என்றான்.

வியாழக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. முதல் சுற்றில் நான்காவதாக, யாருமே எதிர்பார்க்காத அந்தக் கன்சாஸ் பையன் பெயரை வாசித்தபோது, நாடு முழுவதிலும் அதைச் சரியாகச் சொன்னவள் நீ ஒருத்திதான் என்று உன் முகத்தைப் பெரிதாகக் காட்டினார்கள். மண்டபமே எழுந்து நின்று கை தட்டியது. நானும் தட்டினேன். உன் தம்பி சூட்டோடு மேஜை மேல் ஏறி நின்று விசில் அடித்தான். அவன் பெயர் அன்று வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. சனிக்கிழமை மண்டபம் வேண்டாம், வீட்டிலேயே இருப்போம் என்றான். மற்றப் பையன்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன, கல்லூரியில் இவனுக்கு மாற்றாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் பெயர்கூட வந்தது. கடைசிச் சுற்று முடிகிற வரைக்கும் போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான். அப்புறம் எழுந்து போய் சூட்டைக் கழற்றி உறையில் போட்டு மாட்டிவிட்டு வந்து, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டான். அழுதிருந்தால் எனக்குத் தேவலாம் போலிருந்தது.

மறுநாள் சபையில் ஆராதனை முடிந்ததும் பாடகர் குழு பியூலா என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். கெஸ்லர் டிவியில் சொன்னது பாதிதான், சேனலின் இணையப் பக்கத்தில் விரிவாக எழுதியிருக்கிறான், நீ பார்த்தாயா என்று போனை நீட்டினாள். பலமான மோதலுக்குப் பிறகு ஆர்லிஸின் வலது கை 'ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொள்கிறது' என்கிறார் வீரருக்கு நெருக்கமான ஒருவர் என்று மேற்கோள் குறி போட்டு எழுதியிருந்தது. வேடிக்கையான பேச்சாக இருக்கிறதே என்று பியூலா சிரித்தாள். அந்தப் பேச்சு இந்த உலகத்தில் நம் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது ஜாஸ்லின். நின்றுபோன துவைக்கும் இயந்திரத்தைப் பார்த்து உன் அப்பா சொல்ல ஆரம்பித்தது. கோச்சுக்கு அது தெரியாது. அப்பாவும் பிள்ளையும் இப்போது அந்தச் சேனல் பக்கமே போவதில்லை, அதனால் அவர்கள் கண்ணில் படவில்லை. போனை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். ஈஸ்டரன்று என் வாயிலிருந்து வந்த அதே வார்த்தை.

அன்று மதியம் உனக்குப் போன் செய்தேன். நீ மறுக்கவில்லை, அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். "எங்க தொழில்ல ஒண்ணு கொடுத்தாதாம்மா ஒண்ணு கிடைக்கும்" என்றாய். கெஸ்லருக்குக் கன்சாஸ் பையனைப் பற்றி உறுதியாகத் தெரிந்திருந்தது, பதிலுக்கு அவனுக்கு ஏதாவது வேண்டியிருந்தது, தம்பியின் கழுத்து விஷயம் எப்படியும் வெளியே வந்திருக்கும், அதோடு இவ்வளவு ஆபத்தை வைத்துக்கொண்டு அவன் ஆடுவது சரியில்லை, மறைத்ததும் சரியில்லை என்று அடுக்கிக்கொண்டே போனாய். நான் வழக்கம்போல ஆமாம் சொன்னேன் போலிருக்கிறது. இப்போது சொல்கிறேன், ஆமாம் இல்லை. அவன் கழுத்தைப் பற்றி உனக்குக் கவலை இருந்திருந்தால் அவனிடம் வந்திருப்பாய். மறைக்காதேடா என்று அவனோடு சண்டை போட்டிருப்பாய், நான் உன் பக்கம் நின்றிருப்பேன். சொந்தத் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முப்பத்திரண்டு அணிகளுக்கும் சொன்னாய். அவன் பெயரை உன் கணிப்பில் வைக்கமாட்டேன் என்று நேர்மை பேசிவிட்டு, அவன் கழுத்தைக் கொண்டுபோய் இன்னொரு பையனின் பெயரை வாங்கினாய். என்னை ஏமாற்றிவிட்டாய் ஜாஸ்லின். யாரோ செய்திருந்தால் ஒரு வாரம் திட்டிவிட்டு விட்டிருப்பேன். உன்னை என்ன சொல்லித் திட்டுவது என்றே எனக்குத் தெரியவில்லை. நீ டிவியில் வரும்போது அப்பா இப்போதும் கூப்பிடுகிறார், எனக்குப் பஸ் கழுவுகிற வேலை இருக்கிறது என்று வெளியே போய்விடுகிறேன்.

நான் அப்பாவிடமும் சொல்லவில்லை, ஆர்லிஸிடமும் சொல்லவில்லை. உன்னைக் காப்பாற்ற என்று நினைத்துவிடாதே. எல்லாம் முடிந்தபிறகு ஒரு அணி அவனை வெறுமனே வந்து ஆடிக்காட்டு என்று கூப்பிட்டிருக்கிறது, உறுதி ஒன்றும் இல்லை. அதற்கு முன்னால் அவர்கள் சொல்கிற நரம்பு டாக்டரைப் பார்க்கவேண்டுமாம், டாக்டர் இருப்பது உன் ஊரில். அதனால் வருகிற வியாழக்கிழமை அங்கே வருகிறான், உன் வீட்டில்தான் தங்குவேன் என்கிறான். இது மாதா மாதம் கிடைக்கிற வாய்ப்பு இல்லை, ஆனால் போன வாரம் அவன் சட்டைப் பொத்தான் போட என்னைக் கூப்பிட்டான், விரல் மூன்று மரத்துப்போயிருக்கிறது. ஆடுவதா, விட்டுவிடுவதா என்று முடிவு பண்ணவேண்டும். எங்களிடம் பேசமாட்டேன் என்கிறான். அப்பா ஆடு என்பார், நான் வேண்டாம் என்பேன் என்று அவனுக்குத் தெரியும். நேற்று பெட்டி அடுக்கும்போது என்னிடம் சொன்னான்: "அக்காகிட்ட மட்டும் எல்லாத்தையும் சொல்லப்போறேம்மா. டாக்டர்கிட்ட சொல்லாததையும் சொல்லப்போறேன். அவ என்ன சொல்றாளோ அதைத்தான் செய்வேன். அவ வெளிய விடமாட்டா." மடித்துக்கொண்டிருந்த சட்டையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அவன் தன் கழுத்தை உன்னிடம் ஒப்படைக்க வருகிறான். நீ செய்தது தெரியாமல் உன்னிடம் யோசனை கேட்டு, அதன்படி நடந்து, அப்புறம் ஒருநாள் அவனுக்குத் தெரியவந்தால் அவனுக்கு இந்த உலகத்தில் யாரும் இல்லாமல் போய்விடும். கோச்சை ஏற்கனவே இழந்துவிட்டான். நான் சொன்னால் அம்மா சொல்லித் தெரிந்ததாகத்தான் இருக்கும். நீயே சொன்னால் அக்கா என்று ஏதாவது மிஞ்சலாம். மிஞ்சாமலும் போகலாம், அதற்கு நான் ஜவாபு சொல்ல முடியாது. கோச் ஹோல்கமுக்கும் நீயே போன் செய். அவர் இரண்டு ஞாயிறாக நம் சபைக்கு வரவில்லை, பக்கத்து ஊர் சபைக்குப் போகிறார்.

கர்த்தர் உன்னைக் காத்து நடத்துவாராக, நீ போகிற வருகிற வழியெல்லாம் உன்னோடு இருப்பாராக. இந்த ஆசீர்வாதத்தில் குறை வைக்கவில்லை, நீ என் வயிற்றில் பிறந்தவள், அது தானாக வருகிறது. மற்றது வர எனக்கு நாள் ஆகும், அவசரப்படுத்தாதே. நேரத்துக்குச் சாப்பிடு, பல்லைப் பார்த்துக்கொள். வியாழக்கிழமை காலை விமானம், டாக்ஸி அனுப்பாமல் நீயே போய் அழைத்துக்கொண்டு வா. அவன் பெட்டியை நீ தூக்கு. வீட்டுக்கு வரும் வழியிலேயே சொல்லிவிடு மகளே. வீடு வந்து உட்கார்ந்துவிட்டால் அவன் முந்திக்கொள்வான்.

இப்படிக்கு,
உன் அம்மா
வெர்லீன் பர்னெல்